என் பெயருக்குக் கீழே போட்ட இடம்

என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிஸ்கட் டின்னும் ஆப்பிளும் தூக்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கிறாள். என் பெயரைச் சொல்லி, எந்தக் கட்டில் என்று விசாரித்திருக்கிறாள். நான் அங்கே எப்படி இருப்பேன்? ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில், அடுப்படியில் நின்று, மருமகள் வைத்த குழம்பில் என்ன குறை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே இல்லை என்றதும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவைத் திறந்ததுதான் தாமதம், என்னைக் கட்டிப்பிடித்து ஒரே அழுகை.

"அண்ணி! இன்னிக்கு லீவுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்களா? சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்டுருவாங்களா?"

"எங்க கொண்டுபோய் விடுறது?"

"மறைக்காதீங்க அண்ணி. எம் மவன் ஃபோன்ல பாத்துட்டான். ஏதோ பெரிய ஆராய்ச்சிப் புத்தகமாம், இங்கிலீஷ்ல போட்டிருக்கு. உங்க பேரு, கீழ அந்த இல்லத்தோட பேரு. குடும்ப வாட்சப்புல எல்லாருக்கும் அனுப்பியாச்சு."

அழுகிறவளுடைய கண் எங்கள் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன். பிஸ்கட் டின்னை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆப்பிளை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.

அவள் சொன்னதில் பாதி உண்மைதான். நான் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தேன். கையால் இல்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தக் கட்டுரையை வாயால் எழுதினேன்.

பாயான் லெப்பாஸில் ஃபேக்டரிகள் வந்த புதிதில் வேலைக்குப் போன பெண்களில் நாங்கள் ஐந்து பேர் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவர்கள். இருட்டோடு ஏறுவோம். ஃபேக்டரி வாசல் வரும் வரைக்கும் சிரிப்புதான். சூப்பர்வைசருக்கு ஒரு பட்டப்பெயர், அவருடைய தலைக்கு ஒரு பட்டப்பெயர். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப்பில் மயிரிழைக் கம்பி ஒட்டுகிறவர்கள் நாங்கள். அந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் அவருக்கு மூளை தெரியாது என்று ஒருத்தி சொல்ல, பஸ் குலுங்கும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "நீங்க வாயை மூடினாத்தான் எடுப்பேன்" என்று நின்ற நாள்களும் உண்டு.

அந்த ஐந்து பேரில் நான்கு பேர் இப்போது அந்த இல்லத்தில் இருக்கிறார்கள். ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஒருத்தியின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். மற்ற இருவர் கதையை அவர்களே சொல்லட்டும். நான் புதன்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போவேன். கடலையைப் பந்தயம் வைத்துச் சீட்டு விளையாடுவோம். ஜெயித்த கடலையை மெல்ல எங்கள் ஒருத்திக்கும் பல் போதாது, அது வேறு விஷயம்.

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒரு பெண் அங்கே வந்தாள். அந்தக் கால ஃபேக்டரி பஸ்ஸில் பெண்கள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவள் வந்த அன்று முதலில் பார்த்தது நான். வாசலில் ஆள் வந்தால், முதலில் பார்த்தவர் "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுதானே நம் வழக்கம்? யார் வீடு என்று யோசித்தா கேட்கிறோம்? கேட்டேன். செருப்பை எங்கே விடுவது என்று காட்டினேன். ஃபேனைத் தட்டிவிட்டேன். சமையல்காரரைக் கூப்பிட்டு, "டீக்குச் சீனி கம்மி. போன வாரம் மாதிரி பாயசமாக்கிக் கொண்டு வராதீங்க" என்றேன். அந்தக் கூடத்தில் சாய்ந்து உட்கார ஒரே ஒரு நல்ல நாற்காலிதான் உண்டு. அதில் நான் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் வந்த எல்லாப் புதன்கிழமையும் இதே கதைதான். நான்தான் இல்லத்திலேயே மூத்த ஆள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"கதையெல்லாம் உங்களோடது, அதனால நீங்களும் எழுதினவங்கதான்" என்று எங்கள் ஐந்து பேர் பெயரையும் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டாள். நல்ல மனசுக்காரி. ஆனால் அந்த மாதிரிப் புத்தகங்களில் ஒரு முறை இருக்கிறதாம். பெயரின் தலையில் பொடியாக ஓர் எண் போடுவார்கள். கீழே அந்த எண்ணுக்கு நேராக, இவர் இன்ன இடத்தைச் சேர்ந்தவர் என்று எழுதுவார்கள். அவளுக்கு ஒன்று. ஒன்று என்றால் பல்கலைக்கழகம். எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டு. இரண்டு என்றால் முதியோர் இல்லம்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்போது என் மகன் கோயில் தலைவர் பதவிக்கு நின்றிருந்தான்.

ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்ப்பவன் அவன். ஓய்வு நாளெல்லாம் கோயில்தான். அன்னதானத்துக்குக் காய் நறுக்குவான், விளக்குக்கு வயர் இழுப்பான், அடைத்துக்கொண்ட சாக்கடையில் கையை விடுவான். சாப்பாட்டுக் கூடத்தின் கூரை ஒழுகி, மழை நாளில் இலையில் ரசத்தோடு மழையும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அதை எப்படி மாற்றுவது என்று படம் போட்டுக்கூட வைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. தலைவரானால் கேட்பார்கள் என்று நின்றான். எதிரணியில் நின்றவர் ஒரு லாரிக் கம்பெனி முதலாளி. அவருக்கு என் நாத்தனாரின் வாட்சப் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. காப்பிக் கடையில் உட்கார்ந்து நாலு பேர் கேட்கும்படி சொல்லியிருக்கிறார்: "பெத்த தாயை வீட்டுல வச்சுப் பாக்காதவன், அம்மன் கோயிலை எப்படிலா பாப்பான்?"

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன என் மகன் உள்ளே போகவில்லை. வாசலில் காடியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, பூசை முடிந்ததும் திரும்பி வந்துவிட்டான். இதை மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவன், "மருந்து சாப்பிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

மருமகள் கொதித்துப்போயிருந்தாள். "இவங்கள நான் வெளிய அனுப்பினேனாம்! இந்த வீட்டுல உப்பு டப்பாவ இடம் மாத்தி வைக்கவே எனக்குத் தைரியம் இல்ல. நான் இவங்கள அனுப்பினேனாம்!"

ஃபோன் போட்டதும் அந்த லெக்சரர் பெண் அலறியடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஸாரி இருக்கட்டும். அத அழிச்சிடு" என்றேன்.

"அழிக்க முடியாது ஆன்ட்டி. பிரசுரம் ஆயிடுச்சு. திருத்தலாம். ஆனா என்ன திருத்தினோம்னு தனியா ஒரு அறிவிப்பு போடுவாங்க. அது எப்பவுமே இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். போடு."

"சரி, நீங்க எந்த இடத்தைச் சேர்ந்தவங்கன்னு போடுறது?"

"என் வீடுன்னு போடு."

"மகன் வீடுன்னா..."

"மகன் வீடு இல்லம்மா. என் வீடு. அவன் என்கூட இருக்கான்."

"வீட்டையெல்லாம் போட மாட்டாங்க ஆன்ட்டி. ஒரு நிறுவனம் மாதிரி ஏதாவது வேணும்."

"இங்க எழுந்திரிக்க ஒரு நேரம், சாப்பிட ஒரு நேரம், விளக்கை அணைக்க ஒரு நேரம் இருக்கு. எல்லாம் நான் வச்ச சட்டம்தான். நிறுவனத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அடுப்படியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "ஜெயிலுன்னு போடுங்க டீச்சர்."

லெக்சரர் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் டீயைக் குடித்தாள். பிறகுதான் உண்மையான சங்கடத்தைச் சொன்னாள். பெயர் போட்ட எல்லோரும் இந்தத் திருத்தத்துக்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டுமாம். ஒருத்தர் மாட்டேன் என்றாலும் பத்திரிகை ஆசிரியர் நிறுத்தி வைத்துவிடுவாராம். இது ஒரு சங்கடமா என்று நினைத்தேன். என் கூட்டாளிகள்தானே. கோயில் கூட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

புதன்கிழமை போய், சீட்டைக் கலைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "எம் மானமே போச்சுடீ. என்னைப் போய் முதியோர் இல்லத்து ஆளுன்னு போட்டுட்டா. ஊரே சிரிக்குது. நீங்க நாலு பேரும் சரின்னு சொல்லிட்டீங்கன்னா, என்னை மட்டும் அதுலேர்ந்து எடுத்துருவாங்க."

ஒருவரும் சீட்டை எடுக்கவில்லை. எங்களில் ஒருத்தி ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்தவள். கல்யாணம் ஆகாதவள் அவள்தான். இப்போதும் அவளை லைன் லீடர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் கையிலிருந்த சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க பேரோட உம் பேரு ஒட்டிக்கிட்டா உனக்கு மானம் போயிடுமா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான்டீ சொன்ன. எங்களுக்குக் காதுல மெஷின் இருக்கு, நல்லாவே கேக்குது. வாரா வாரம் வந்து எங்க நாற்காலியில உக்காருவ, எங்க டீய குடிப்ப, எங்க சமையல்காரர திட்டுவ. பேரு போடுறப்ப மட்டும் நீ வேற ஆளா? நான் சம்மதம் தர மாட்டேன். போ."

மற்ற மூவரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்களும் தர மாட்டார்கள் என்று புரிந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தராட்டிப் போங்கடீ" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஜெயித்த கடலையைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்தாள். காம்பைப் பெரிதாக விடுகிறாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பயம் வந்து, "உடம்பு சரியில்லையா அத்தை? கிளினிக் போவோமா?" என்றாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகன் கூரைப் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டான். கீழே இறக்குகிற எண்ணமே இல்லாதவன் போடுகிற மாதிரிப் போட்டான்.

அதற்கும் அடுத்த புதன்கிழமை போனேன். நல்ல நாற்காலியில் உட்காரவில்லை. வாசல் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் வா என்று சொல்லவில்லை. நால்வரும் ஆட்டத்தில் இருந்தார்கள். டீ வந்தது, சீனி அள்ளிக் கொட்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். சமையல்காரர் போனவர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

லைன் லீடர்தான் கடைசியில் பேசினாள். "என்னடீ, அங்க உக்காந்திருக்க? விசா முடிஞ்சு போச்சா?"

"நான் அன்னிக்குப் பேசினது தப்புடீ," என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். "ஆனா எம் மவன் கோயிலுக்குள்ள போகாம காடியில உக்காந்திருக்கான். அத என்னால பாக்க முடியல."

அவள் கையிலிருந்த சீட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு கையை நீட்டி, "அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போடு. சத்தமா வை" என்றாள். போட்டேன்.

"ஏம்மா, பேருக்குக் கீழ இடம் போடுறீங்களே, அது நாங்க தூங்குற இடமா?"

"இல்லை ஆன்ட்டி," என்றாள் லெக்சரர். "அந்த வேலையை எங்க இருந்து செஞ்சீங்களோ, அந்த இடம்."

"நாங்க இங்க தூங்குறோம். கஞ்சி குடிக்கிறோம். அவ்வளவுதான். நீ எழுதி வச்சிருக்கியே, அந்தச் சிரிப்பையெல்லாம் நாங்க இங்க இருந்தா சிரிச்சோம்? அப்ப எனக்கு இருபது வயசு. இந்தக் கட்டடமே அப்ப இல்ல. இவளுக்கு மட்டும் மாத்தாத. அஞ்சு பேருக்கும் மாத்து. இல்லாட்டி ஒருத்திக்கும் வேணாம்."

லைன் போய்விட்டதோ என்று ஃபோனை ஆட்டிப் பார்த்தேன். "எழுதிப் பாக்குறேன் ஆன்ட்டி" என்றாள் அவள்.

பத்திரிகைக்காரர்கள் லேசில் விடவில்லை. என்னென்னவோ கேள்வி கேட்டு எழுதினார்களாம், அவளும் பதில் எழுதினாளாம். ஐவரும் சம்மதம் என்று தலையை ஆட்டுவதை வீடியோ எடுத்துக்கொண்டு போனாள். அது தேவையே இல்லையாம், எழுத்தில் இருந்தாலே போதுமாம். அவளுக்கு ஓர் ஆசை. கோயில் கூட்டத்துக்கு முந்தின வாரம் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் பெயருக்குக் கீழே இப்போது, பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியின் முன்னாள் தொழிலாளர்கள் என்று இருந்தது. தனி அறிவிப்பும் வந்திருந்தது. இந்த ஐந்து கட்டுரையாசிரியர்களும் மேற்படி இல்லத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அதில் போட்டிருந்தது.

இல்லத்து வார்டன் தம்பிக்குத்தான் முகம் வாடிப்போனது. கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டி வைத்திருந்தார். "நம்ம இல்லத்துல அஞ்சு எழுத்தாளர்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே அக்கா" என்றார்.

நாங்கள் நிம்மதியாகச் சீட்டைப் பிரித்தோம். என் நாத்தனார் இருக்கிறாளே, அவளை மறந்துவிட்டோம்.

அவளும் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். மகனை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னாள். நம் ஊர்ப் பேப்பர்களில் ஓர் அறிவிப்பு வரும், பார்த்திருப்பீர்கள். கம்பெனியில் திருட்டோ தகராறோ செய்து வெளியே அனுப்பப்பட்ட ஆளின் படத்தைப் போட்டு, இவர் இனி எங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர், இவரோடு யாரும் தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலாளி போடுவார். என் நாத்தனார் நாள் தவறாமல் பேப்பர் பார்ப்பவள். அறிவிப்பு என்றால் அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். அன்று சாயங்காலமே குடும்ப வாட்சப்பில் செய்தி ஓடியது. அண்ணியையும் இன்னும் நாலு பேரையும் இல்லத்திலிருந்து விரட்டிவிட்டார்களாம். தொல்லை தாங்க முடியவில்லையாம். மகன்தான் பாவம், மறுபடியும் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருக்கிறானாம்.

இதை லைன் லீடரிடம் சொன்னேன். பல் செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "நான் வார்டன கைத்தடியால அடிச்சேன்னு சேத்துக்கச் சொல்லுடீ" என்றாள்.

கோயில் ஆண்டுக் கூட்டத்துக்கு நான் நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். இந்தக் கதையைக் கூட்டத்திலேயே எழுந்து திருத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் யாராலும் விரட்டப்பட்டவள் இல்லை. என்னை விரட்ட ஓர் ஆள் பிறக்க வேண்டும்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். "உங்கள அங்க வச்சுக்க முடியலன்னு சொல்லிட்டாங்களாமேக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஆண்கள் பக்கம் என் மகன் தெரிந்தான். பெரியவர் ஒருவர் அவன் தோளைப் பிடித்திருந்தார். "இல்லமே வேணாம்னு சொன்ன தாயை வச்சுப் பாக்குறியேப்பா. ஒன்ன மாதிரி பொறுமை யாருக்கு வரும்" என்று அவர் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என் மகன் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து நின்றான். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு கோயிலுக்குள் நிமிர்ந்து நின்றான்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

ஓட்டுக்கு முன்னால் டீயும் கேசரியும் வந்தன. லாரி முதலாளியே தட்டை ஏந்திக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். ஒவ்வொருத்தரையும் பார்த்து ஒரு கும்பிடு, ஒரு கரண்டி கேசரி. என் முன்னால் வந்து, "எடுத்துக்குங்கம்மா" என்றார்.

ஒரு வாய் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கேசரி நன்றாகத்தான் இருந்தது.

"இது என்ன கேசரி?" என்றேன். கூடம் முழுக்கக் கேட்கிற குரலில்தான். ஃபேக்டரி மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "நெய்ய காட்டிட்டு எடுத்துட்டாங்களா? முந்திரி எங்க, லாரியில வருதா? அம்மனுக்கு முன்னால வச்சுக் குடுக்குற பண்டமா இது? யாரு கிண்டினது? கூப்பிடுங்க அந்த ஆளை!"

முதலாளி தட்டோடு இரண்டடி பின்னால் போனார். நான் எழுந்து, டீ ஆறிப்போச்சு, நாற்காலி ஆடுது, ஃபேன் சுத்தல என்று வரிசையாக ஆரம்பித்தேன். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு எல்லாத் தலையும் சேர்ந்து என் மகன் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை அள்ளி ஒரு தட்டில் வைக்கலாம் போல இருந்தது. என் மகன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். அது நடிப்பு இல்லை. அதனால்தான் நன்றாக இருந்தது.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். என் மகன் ஜெயித்தான். லேசாக இல்லை, நன்றாகவே ஜெயித்தான். தலைவராக அவன் முதலில் பேசியது கூரையைப் பற்றித்தான். முதலாளி வந்து அவனுக்கு மாலை போட்டார். போட்டுவிட்டு என் பக்கம் வராமல் வேறு வழியாகப் போனார்.

காடிக்கு நடக்கும்போது, "அம்மா, கொஞ்சம் ஓவர்லா" என்றான் மகன். கழுத்தில் மாலையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

மருமகள் எங்களோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலில் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா இவங்கள சமாளிக்கிற?" என்று கேட்டாள். மருமகள் பெருமூச்சு விட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "என்னக்கா செய்றது. நம்ம வீட்டு ஆளு. நாமதான பாத்துக்கணும்" என்றாள். தான் சும்மா நடித்ததாக வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சாதித்தாள். எனக்கென்னவோ சந்தேகம்தான்.